பிரிவுபசார கேக்

டென்மார்க்கின் அந்தச் சுற்றுச்சூழல் அலுவலகத்தில், வேலையை விட்டுப் போகிறவர்தான் எல்லோருக்கும் கேக் வாங்கி வரவேண்டும். முப்பது வருடம் ஆற்றுநீரைச் சோதித்த தோர்கில்ட் வாங்கி வந்திருந்தார்.

"ஆளைக் குறைங்கன்னு மேலிடம் கழுத்தை நெரிக்குது. மன்னிச்சிடுங்க," என்று இயக்குநர் இங்கெலிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கேக் தீர்ந்து கூட்டம் கலைந்தது. தோர்கில்ட் தன் காபிக் கோப்பையைப் பெட்டிக்குள் வைத்தார்.

"அதை எதுக்கு எடுத்துட்டுப் போறீங்க? திங்கட்கிழமை காபி எதுல குடிப்பீங்க?" என்றார் இங்கெலிஸ்.

"அட, மறந்தே போச்சு."

திங்கட்கிழமை முதல் அதே நாற்காலியில், ஒப்பந்தக் கம்பெனி ஆளாக அவர்தான். காசு இரண்டு மடங்கு. ஆனால் சம்பளக் கணக்கில் வராது, கொள்முதல் செலவில் போய்விடும்; ஏட்டில் ஓர் ஆள் குறைந்தாயிற்று.

"அப்புறம் ஏன் நிஜமாவே அழுதீங்க?" என்று தோர்கில்ட் கேட்டார்.

"இயக்குநர் பதவியையும் குறைச்சாச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை கேக் நான் வாங்கணுமே."