சித்தி சொல்லிக்குவாங்க

"ரத்தம் டாக்டர். கொஞ்சமாத்தான். ஆனா ரத்தம் ரத்தம்தானே?"

நாற்காலியில் முழுசாக உட்காரும் முன்பே அந்தப் பெண் கொட்டிவிட்டாள். இருபத்து நான்கு வயதிருக்கும். கழுத்தில் அலுவலக அடையாள அட்டை தொங்கியது. வேலைக்குக் கிளம்பியவள் பாதி வழியில் திரும்பி வந்த மாதிரி இருந்தாள். பக்கத்தில் நாற்பதை நெருங்கும் ஒரு பெண்மணி, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, மேசை மேலிருந்த ஸ்டெதஸ்கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவங்க யாரு?" என்றார் டாக்டரம்மா.

"என் சித்தி. ஹைஸ்கூல்ல கணக்கு டீச்சர்."

கணக்கு டீச்சர் என்றால் வகுப்பே நடுங்கும். இந்த டீச்சரோ வீட்டுப்பாடம் செய்யாமல் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, கல்யாணம் ஆகி எவ்வளவு நாளாச்சு?"

"போன ஞாயித்துக்கிழமைதான் டாக்டர்."

"அட, புதுசா! சந்தோஷம். ரத்தம் எப்போ வந்தது?"

"முந்தாநாள் ராத்திரி. நேத்து லேசாக் கசிஞ்சதாம். இன்னிக்குக் காலையில படுக்கை விரிப்பைத் துவைக்கறப்பதான் விஷயமே வெளியில வந்தது. கையோட கிளம்பி வந்துட்டோம்."

"முந்தாநாள்தான் முதல் தடவையா?"

பெண் சித்தியைத் திரும்பிப் பார்த்தாள். சித்தி தரையைப் பார்த்தபடி மெல்லத் தலையசைத்தாள்.

"ஆமா டாக்டர்."

"இதுக்குமா சித்தியைக் கேட்கணும்?"

"அவங்களுக்குத்தானே டாக்டர் தெரியும்?"

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கல்யாணமான பெண் தும்மினால்கூட ஏன் என்று கேட்கிற உறவுக்காரர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். வாயைத் திறக்காமலே ஆட்டிவைக்கிற ஆளை இன்றுதான் பார்க்கிறார்.

"நீங்க கொஞ்சம் வெளியே இருங்கம்மா" என்றார் சித்தியிடம்.

விட்டால் போதும் என்று சித்தி எழுந்தாள். பெண் சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கே நழுவறீங்க? உட்காருங்க சித்தி. சித்தி இல்லாம எப்படி டாக்டர்?"

"நான்தான் அப்பவே சொன்னேனே, ஒண்ணும் இருக்காதுன்னு..." என்று சித்தி முனகினாள். அறைக்குள் வந்ததிலிருந்து அவள் பேசியது அதுதான்.

"அதை டாக்டர் சொல்லட்டும்" என்றாள் பெண். அவள் குரல் நடுங்கியது. "பெரிய வியாதி எதுவும் இல்லையே டாக்டர்? மறைக்காம சொல்லுங்க."

அந்த நடுக்கத்தைக் கேட்டதும் டாக்டரம்மாவின் கோபம் இறங்கியது.

"பயப்படவே வேண்டாம். பிறப்புறுப்பு வாயில்ல மெல்லிசா ஒரு சவ்வு இருக்கும். முதல் தடவை சேரும்போது அது விரிஞ்சு லேசாக் கிழியலாம். பதற்றத்துல உடம்பு வறண்டு கிடந்தாலும் உரசல்ல ரத்தம் கசியும். ஒண்ணு ரெண்டு நாள்ல தானா நின்னுடும். இப்ப நின்னுடுச்சா?"

பெண் திரும்பினாள். சித்தி தலையசைத்தாள்.

"நின்னுடுச்சு டாக்டர்."

"வலி? காய்ச்சல்?"

மறுபடியும் அதே கூத்து. "ரெண்டும் இல்லை டாக்டர்."

"அப்போ நிம்மதியா இருக்கலாம். இது எல்லாருக்கும் வரணும்னும் இல்லை. வந்தா வியாதியும் இல்லை, வராட்டி பொண்ணு மேல சந்தேகப்படவும் ஒண்ணும் இல்லை." கடைசி வாக்கியத்தை டாக்டரம்மா சித்தியைப் பார்த்து அழுத்தியே சொன்னார். "நாப்கின் நனையற அளவுக்குப் போனாலோ, நாள் கணக்கா நிக்காம இருந்தாலோ, வலி, காய்ச்சல், கெட்ட வாடைன்னு இருந்தாலோ உடனே வரணும். ஒவ்வொரு தடவையும் வந்தாலும் காட்டணும். புரியுதா?"

பெண் விரல் விட்டு எண்ணிக்கொண்டாள். முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பியது. "கேட்டுக்கிட்டீங்கல்ல சித்தி?" என்றாள்.

"இன்னொண்ணு. ஆறுற வரைக்கும் சும்மா இருக்கணும். அப்புறமும் அவசரமே கூடாது. வலிச்சா வலிக்குதுன்னு வாய் விட்டுச் சொல்லணும். இதையெல்லாம் வீட்டுக்காரர்கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லு."

பெண் திடுக்கிட்டாள். காது மடல் வரை சிவந்துபோனது.

"ஐயையோ, நான் எப்படி டாக்டர் சொல்றது? அதெல்லாம் சித்தி சொல்லிக்குவாங்க."

"அதையுமா சித்தி?" டாக்டரம்மா பேனாவைக் கீழே போட்டார். இத்தனை வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு குடும்பத்தை அவர் கண்டதில்லை. சித்தியின் முகமோ சேலைத் தலைப்புக்குள் முக்கால்வாசி மறைந்திருந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை. தோள் குலுங்குவதைப் பார்த்தால் சிரிப்பு மாதிரிதான் இருந்தது.

"சரி, எதுக்கும் ஒரு தடவை பார்த்துடறேன். மனசு சமாதானமாயிடும். அந்தத் திரைக்குப் பின்னால கட்டில் இருக்கு, போய்ப் படுத்துக்கோம்மா."

டாக்டரம்மா எழுந்து கை கழுவி, கையுறையை மாட்டிக்கொண்டு திரும்பினார். பெண் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சித்தியின் கைப்பை அவள் மடியில் இருந்தது. சித்தியின் நாற்காலி காலி. திரைக்கு அடியில் ஒரு ஜோடிச் செருப்பு ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது.

"நீ ஏம்மா இங்கேயே உட்கார்ந்திருக்கே? சித்தி எதுக்கு உள்ளே போனாங்க?"

"அவங்களைத்தானே டாக்டர் பார்க்கணும்?" பெண் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "எங்கம்மா இப்படித்தான் ரத்தம் போறதை யார்கிட்டயும் சொல்லாம மறைச்சே எங்களை விட்டுப் போயிட்டாங்க. அப்பா போன ஞாயித்துக்கிழமை கட்டிக்கிட்டு வந்த சித்தியையும் நான் அப்படி விட்டுடுவேனா?"