மதிய அறிவிப்பு

வெளியே பூட்டு விழுந்தபோது நான் ஊராட்சி ஆபீஸ் பீரோவுக்குப் பின்னால் ஒட்டடையோடு ஒட்டடையாக நின்றுகொண்டிருந்தேன்.

பூட்டியவர் கிளார்க். கூடப் போனவர் என் வீட்டுக்காரர்.

அவருடைய வண்டிச் சத்தம் கேட்டுத்தான் அங்கே ஒளிந்தேன். கிளார்க்கிடம் ஒரு விஷயம் சொல்ல வந்திருந்தேன். அவர் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மைக்கில் மதிய அறிவிப்பு படித்துக்கொண்டிருந்தார். முடிக்கட்டும் என்று சத்தமில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்தேன். எதையும் இரண்டு தடவை சொல்லாவிட்டால் அந்த மனுஷருக்குத் தூக்கம் வராது.

"மறுபடியும் சொல்றேன், நாளைக்குக் காலையில ஸ்கூல்ல கண் பரிசோதனை" என்று அவர் இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் வண்டி வந்து நின்றது.

பசி வந்துவிட்டால் கிளார்க்குக்கு வேறு எதுவும் ஓடாது. என் வீட்டுக்காரர் உள்ளே வந்து தண்ணீர் மோட்டாரை நிறுத்தியதும், மைக் மேல் துண்டைப் போட்டுவிட்டு அவரோடு கிளம்பிவிட்டார்.

சாப்பிட்டுத் தூங்கி எழுந்து மூன்று மணிக்குத்தான் வருவார். இன்னொரு சாவி என் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. ஊருக்குத் தண்ணீர் விடுவது அவர் வேலை. மோட்டார் சுவிட்ச் இந்த அறையில்தான்.

ஜன்னலைத் திறந்தால் மாவு மில் சுவர். மில் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. ஆனாலும் தொண்டை கிழியக் கத்தினால் யாராவது வருவார்கள். வந்து, சாவிக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். இங்கே உனக்கு என்ன வேலை என்று அவர் கேட்டால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது?

கத்தவில்லை.

மூன்று மணிக்குக் கிளார்க் வந்ததும் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். அதுவும் எனக்கு லேசில் வராது. ஆள் எதிரில் நின்றால் நாக்கு உள்ளே போய்விடும். சொல்லிப் பழகலாம் என்று அவருடைய காலி நாற்காலிக்கு எதிரே, மேஜையை ஒட்டி உட்கார்ந்தேன். மில் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால் உரக்கவே சொன்னேன்.

"சார், தண்ணித் தொட்டி மூடி உடைஞ்சு கிடக்கு. குழாய்ல இறகு வருதேன்னு எங்க வீட்டுக்காரர் ஏறிப் பார்த்தாரு. உள்ள புறாங்க செத்து மிதக்குது. தொடாம இறங்கிட்டாரு."

நாற்காலி கேட்டுக்கொண்டிருந்தது. கிளார்க்கைவிட அது தேவலை.

"கீழ தூண்ல சுத்தம் செஞ்ச நாள்னு எழுதியிருக்கே, அது பொய் சார். மாசாமாசம் தேதியை மட்டும் அழிச்சு எழுதுறாரு. அவர் கெட்டவர் இல்ல. ஏணியில ஏறினா அவருக்குக் கை காலெல்லாம் உதறும். அதைச் சொன்னா வேலை போயிடும்னு பயம்."

இதை எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு மட்டும் கொஞ்ச நாளாக வெளியூர்க் கிணற்றுத் தண்ணீர் கேனில் வந்தது. ஏன் என்று நச்சரித்துக் கேட்டேன். நேற்று சாப்பிடும்போது தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

பக்கத்து வீட்டு அக்காவின் சின்ன மகள் வாந்தி பேதியாகி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இன்று காலை அக்கா மாற்றுத்துணி எடுக்க வந்தவள், "உங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லையே, அதுவரைக்கும் நல்லது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே சொன்னாள். அதற்கு அவள் என்னை அறைந்திருக்கலாம்.

அதையும் நாற்காலியிடம் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு கடைசியாகச் சொன்னேன்.

"அந்தத் தண்ணிய யாரும் குடிக்கக் கூடாது சார். பிடிச்சு வச்சதையும் கொட்டிடணும். நீங்க இதை மைக்ல சொல்லணும். இப்பவே சொல்லணும்."

மில் நின்றது.

கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மாவு இருக்கும்போது மில்லை நிறுத்துகிற ஆள் இல்லை அந்த மில்காரர்.

எங்கோ தெருவில் யாரோ ஒரு குடத்துத் தண்ணீரைக் கொட்டினார்கள்.

அடுத்து இன்னொரு வீட்டில். பிறகு ஒரு பிளாஸ்டிக் டிரம்மை இழுத்துச் சாய்க்கும் சத்தம். வாசல் வாசலாகக் கொட்டிக்கொண்டே வந்தார்கள்.

எனக்கு இருமல் வந்தது. இருமினேன்.

தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்த ஒலிபெருக்கியும் இருமியது.

துண்டை எடுத்தேன். அந்த மனுஷர் மைக்கைப் போர்த்தினாரே தவிர அணைக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் வீடு தொட்டிக்கு நேர் கீழே. இந்நேரம் அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பார். அணைக்கக் கை போனது.

அதற்குள் வெளியே வண்டி வந்து நின்றது. சாவிக்கொத்து குலுங்கியது. அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.

சாவி பூட்டில் நுழையாமல் முட்டிக்கொண்டே இருந்தது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதட்டவில்லை. ஏணியின் பாதியில் நிற்பவர் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார். அது அதட்டலைவிடப் பொல்லாததாக இருந்தது.

நான் காதைத் தெருப் பக்கம் வைத்தேன். மேலத்தெருவில் கொட்டி முடித்துவிட்டார்கள். மில்லுக்கு அந்தப் பக்கம், கீழத்தெருவில் ஒரு சத்தமும் இல்லை. மில் ஓடியபோது அவர்களுக்கு எதுவும் கேட்டிருக்காது.

சாவி உள்ளே போய்விட்டது.

மைக்கை என் பக்கம் இழுத்தேன்.

"மறுபடியும் சொல்றேன்" என்றேன்.