நனையாத விரிப்பு

"ஏழாம் கட்டிலைப் பாருங்க. விரிப்பு போட்டது போட்டபடி இருக்கு. மத்த கட்டிலெல்லாம் மட்டும் ஏன் இப்படி நாறுது?"

அந்த முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சூப்பர்வைசரின் குரல் கேட்டாலே ஆயாக்கள் துடைப்பத்தைத் தேடி ஓடுவார்கள். மறுநாள் சுகாதார ஆய்வு வேறு. தரை, கழிப்பறை, மூலை முடுக்கு என்று ஒன்று விடாமல் முகர்ந்து பார்த்துக்கொண்டு வந்தாள். பினாயில் வாசனைகூட அவளுக்குப் போதவில்லை.

"ஏழாம் கட்டில் பெரியவர் தங்கமானவர், மேடம்," என்றாள் மூத்த ஆயா. "அவரால ஒரு துணிகூட அலச வேண்டியதில்லை."

பெரியவர் தலையைத் தூக்கவில்லை. வந்த புதிதில் ஒருநாள் அவரும் படுக்கையை நனைத்தவர்தான். "என் மானத்தை வாங்காதீங்க," என்று அன்று சூப்பர்வைசர் ஹால் முழுக்கக் கேட்கும்படி சிடுசிடுத்தாள். மனிதர் அதோடு சரி, பிறகு ஒருநாளும் நனைக்கவில்லை. சொன்னது கொஞ்சம் அதிகம்தான் என்று அவளுக்கே உறுத்தியது. விரிப்பு காய்ந்திருக்கக் கண்டதும் உறுத்தலும் போய்விட்டது.

அந்த நேரம் டாக்டர் வந்தார். பெரியவரின் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. நாக்கைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இவருக்குத் தண்ணியே குடுக்கறதில்லையா?"

"ஜக்கு தினமும் காலியாயிடுதே டாக்டர்," என்ற ஆயாவின் பார்வை ஜன்னல் பக்கம் போனது. அங்கிருந்த பூந்தொட்டிகளில் மற்றதெல்லாம் வாடிக் கிடக்க, பெரியவரின் கைக்கு எட்டுகிற செடி மட்டும் சகதியில் நின்றது. அடித்தட்டில் தண்ணீர் தளும்பியது.

"ஏன் பெரியவரே, குடிக்காம செடிக்கா ஊத்தினீங்க?"

"குடிச்சா நனைச்சிடுவேன் டாக்டர். மேடத்துக்குத் தலைகுனிவாயிடும்."

சூப்பர்வைசர் கூனிக்குறுகிப் போனாள். பளபளக்கும் தரையைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

"உடனே ஆஸ்பத்திரியில சேர்க்கணும். சொந்தக்காரங்க யாரையாவது வரச் சொல்லுங்க."

"யாரும் வந்து பார்த்ததே இல்லை டாக்டர்," என்றாள் ஆயா. "ஒரு பொண்ணு இருக்காளாம். நல்ல வேலையில இருக்கா, அவளைத் தொந்தரவு பண்ணக்கூடாதும்பாரு."

சூப்பர்வைசர் தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். அவசரத்தில் பாதி விரிப்பில் கொட்டியது. துடைக்கத் தோன்றவில்லை.

"அப்பா," என்றாள், அந்த இல்லத்தில் முதன்முறையாக, ஹால் முழுக்கக் கேட்கும்படி. "நனைஞ்சா நனையட்டும்பா. குடிங்க."