இன்னும் ஒரு கோடு

சோமனூரில் இன்று மாதாந்திர மின்தடை. தறிகள் நின்றுவிட்டன. அந்த மோட்டார்களின் மின் இரைச்சல் ஓய்ந்தால்தான் ஹாம் ரேடியோவின் குறைந்த அதிர்வெண்ணில் எதுவும் பிடிபடும் என்று, லாஸ்யாவும் வால்பாறையில் இருக்கும் நண்பன் கிருபாவும் சோதனையை இந்தக் காலைக்கு வைத்திருக்கிறார்கள். அவன் மோர்ஸ் குறியீட்டில் ஒரே ஓர் எழுத்தை அனுப்புகிறான்: கோடு, புள்ளி, கோடு. புள்ளிக்கே ஒரு நிமிடம். காதுக்கு எட்டாது, திரையில்தான் பார்க்க வேண்டும். காம்பவுண்டு சுவர்மேல் மடிக்கணினி, வெயில் படாமல் ஒரு துண்டு. கறுப்புத் திரையில் வெளிறிய கோடு ஒன்று, தள்ளி ஒரு புள்ளி. அவள் கட்டிய ஆண்டெனாவில் விழுந்த முதல் சிக்னல். சுவருக்கு அந்தப் பக்கம், தறிக்காரப் பாவாத்தாள் ஜெனரேட்டர் ஹேண்டிலைச் சுற்றக் குனிகிறாள். அது ஓடினால் திரை முழுக்க வெளுத்துவிடும். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாத லாஸ்யா சுவர்மேல் எட்டிக் கூப்பிடுகிறாள். “அக்கா, கொஞ்சம் பொறுங்க. ஒரு எழுத்து வந்துட்டிருக்குதுங்க.” “ஒரு எழுத்துக்கா? ஏங் கண்ணு, கல்லுலயா செதுக்கறாங்க?” என்று சிரித்தபடி பாவாத்தாள் ஹேண்டிலை வைத்துவிட்டுச் சுவரோரம் வருகிறாள். இருவரும் துண்டுக்குள் தலையை நீட்டிப் பார்க்கிறார்கள். புள்ளிக்கு அப்பால் கறுப்பு. அப்புறம், மெல்ல ஒரு வெளுப்பு, அது நீள்கிறது. தறிச் சத்தத்தில் கத்தியே பேசிப் பழகிய பாவாத்தாள் கிசுகிசுக்கிறாள். “வருது அம்மணி.”