ஏழாவது நிமிடம்

பழனிசெட்டிபட்டி கிறிஸ்டோபர் முப்பது வருடங்களுக்கு முன், இரவல் கேசட் ஒன்றை ஓடவிட்டு, எதிரில் இன்னொரு டேப்ரெக்கார்டரை வைத்து அந்தப் பரிசோதனை ராக் ஆல்பத்தைப் பதிவு செய்தார். ஏழாவது நிமிடத்தில் மனைவி சுகிர்தத்தின் குரலும் சேர்ந்து பதிவாகிவிட்டது.

"சோறு ஆறுது, வாங்க."

"இந்தா வாரேன்" என்ற அவர் பதிலும்தான்.

சுகிர்தம் இறந்த வருடம் அவர் பதிவு செய்த அந்தக் கேசட்டும் சிக்கி அறுந்தது. அவள் குரல் வேறு எதிலும் இல்லை.

போன ஞாயிறு, ஆலய ஆராதனை முடிந்து வந்து, அதே ஆல்பத்தின், ஒலித்தரம் குறையாத லாஸ்லெஸ் டிஜிட்டல் மறுவெளியீட்டை ஹெட்போனில் கேட்டார். ஏழாவது நிமிடத்தில், துளி இரைச்சல் இல்லாமல், சுகிர்தம் கூப்பிட்டாள்.

அன்று கேசட் இரவல் கொடுத்த நண்பர் அம்மாவாசி, இதைக் கேட்டு போனில் சிரித்தார். "வெளிநாட்டுக்காரன் பாட்டுல மதினி எப்படிப்பா வருவாக?"

கிறிஸ்டோபர் மறுபடி போட்டார். அவருடைய பதில் மட்டும் அதில் இல்லை. அந்த இடம் வெறுமனே ஓடியது. பிறகு சுகிர்தம் சொன்னாள்:

"எம்புட்டு நேரமாக் கூப்பிடுறேன்."