மூன்றாவது மாண்டலின்

என் மனைவி மரகதத்தின் விரல் மூட்டுகள் வீங்கிய பிறகு, அவளுடைய பழைய மாண்டலினில் ஒரு தந்தியை அழுத்தினால் பக்கத்துத் தந்தியும் சேர்ந்து அமுங்கியது. கழுத்து அகலமாக இருப்பது ஒன்று வேண்டும் என்று ஞானப்பிரகாசத்தின் வாத்தியக் கடைக்குப் போனோம். அவர் மூன்று மாண்டலின்களை எடுத்து வைத்தார். ஒன்றைவிட ஒன்றின் கழுத்து அகலம்.

மரகதம் எதையும் வாசித்துப் பார்க்கவில்லை. இடது கையால் கழுத்தைப் பிடித்து, தந்திமேல் விரலை அழுத்தியபடி கண்களை மூடிக்கொண்டாள்.

"ஏங்க, மணி பாத்துக்குங்க. வலி வந்ததும் சொல்றேன்."

"ஜுரம் பாக்கற மாதிரியில்ல பாக்கறீங்க!" என்று ஞானப்பிரகாசம் சிரித்தார்.

"வாசிச்சா எல்லாமே பிடிச்சுப் போயிடும் அண்ணாச்சி."

முதலாவதில் இரண்டு நிமிடத்தில் வலி என்றாள். அடுத்ததில் ஆறு. மூன்றாவதைச் சுற்றி அவள் கட்டைவிரல் பாதிதான் வந்தது. ஆனாலும் பத்து நிமிடம் கடந்தும் அவள் வாய் திறக்கவில்லை. பிறகு வலது கையால் ஒரு தந்தியை ஒரே ஒருமுறை மீட்டினாள். அது மட்டும் தனியாக ஒலித்தது.

"இதுல வலியே இல்லையா?" என்றேன்.

"எடுத்த உடனே வந்துருச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா கையிலேருந்து பிடுங்கிடுவீங்களே."

அதையே வாங்கி வந்தோம். அதற்குப் பிறகு அவள் இருந்த பதினோரு மாதமும் தினம் காலையில் வாசித்தாள். வலிக்கிறதா என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை.