இரும்பை ஒதுக்கும் குமிழ்

மணிக்கூடு, இடுப்புப்பட்டி, சப்பாத்து எல்லாவற்றையும் கழற்றிவைத்த பிறகும், கடையில் சிற்றம்பலம் கையிலெடுத்த, உலோகம் தேடும் மூன்று கருவிகளும் அவருடைய இடது தொடையருகே வந்ததும் கத்தின.

"சண்டையில பட்ட செல் துண்டோ, அண்ணை?" என்றார் கடைக்காரர்.

"ஓம். எடுக்கேலாதெண்டு டாக்குத்தர் விட்டிட்டார்."

"அப்ப இதைக் கொண்டுபோங்கோ. புதுசாப் பழகிறவைக்குச் சுகம். இந்தக் குமிழைத் திருப்பினா இரும்புக்குக் கத்தாது. வீட்டு வளவுக்குள்ள குழி வெட்டித் தாட்ட நகையை மட்டும் காட்டும்."

திருப்பியதும் கருவி அடங்கியது. சிற்றம்பலம் குமிழை மெல்லப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். அது மறுபடி கத்தத் தொடங்கியது.

"நகை இல்லைத் தம்பி. ஓடேக்க மகளைத்தான் தாட்டனாங்கள். அடையாளம் வைச்ச தென்னையும் இப்ப இல்லை. அவளுக்குள்ளயும் இந்த இரும்புதான் கிடக்கு."